திருச்சபை ஏன் இத்தனை சபைகளானது?

ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் மணமக்கள் தேவைப் பக்கத்தில் வரும் கிறிஸ்தவ விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்கும். ஆர்.சி. உடையார், சி.எஸ்.ஐ. நாடார், பெந்தெகொஸ்தே, சாதி தடையில்லை. முதலில் சபை, ஒட்டியபடியே சாதி, அதன் பிறகுதான் படிப்பும் வேலையும். முதலில் வரும் அந்தச் சபைப் பெயருக்குப் பின்னால் 1,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சபையும் சாதியும் ஒரே வரியில் சேர்ந்து நிற்பதும் தற்செயலாக நடந்ததல்ல. கிறிஸ்தவம் ஏன் இத்தனை பிரிவுகளாகச் சிதறியது என்ற கேள்விக்கு விடை தேடிப் போகிறவர் கொள்கை விவாதங்களில் தொடங்கினாலும், கடைசியில் பேரரசு, மொழி, இனம், சொத்து, சாதி என்ற இடங்களுக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். உலகில் 45,000 கிறிஸ்தவப் பிரிவுகள் இருப்பதாக ஒரு கணக்கு பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. அமெரிக்காவின் கார்டன்-கான்வெல் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வு மையம் தரும் மதிப்பீடு அது. அந்த மையம் நாடுவாரியாகக் கணக்கெடுக்கிறது. ரோமைத் தலைமையாகக் கொண்ட ஒரே கத்தோலிக்கத் திருச்சபை இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று, பிரேசிலுக்கு ஒன்று என்று அங்கே எண்ணப்படுகிறது. உண்மை நிலை வேறு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2011இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகக் கிறிஸ்தவர்களில் சரிபாதி கத்தோலிக்கர்; 37 விழுக்காட்டினர் பரந்த பொருளில் புராட்டஸ்டண்டுகள்; 12 விழுக்காட்டினர் ஆர்தடாக்ஸ். கோடிக்கணக்கான மக்கள் பத்துக்குள் அடங்கும் பெரிய மரபுகளைச் சேர்ந்தவர்கள். ஆயிரக்கணக்கில் பெருகுபவை பெரும்பாலும் ஒரு போதகர், ஒரு கட்டடம், சில நூறு குடும்பங்கள் என்ற அளவில் நிற்கும் சுயேச்சைச் சபைகள். இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுத்தால் கணக்கும் தவறும், காரணமும் தவறும்.

இன்றும் நிலைக்கும் பிளவுகளில் மிகப் பழையவை 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டியபோது, கிறிஸ்து பிதாவுக்குச் சமமானவரா என்ற கேள்விக்கு விடை காணப்பட்டது. அங்கே உருவான விசுவாச அறிக்கையைக் கத்தோலிக்கரும் ஆர்தடாக்ஸ் சபையாரும் பெரும்பாலான புராட்டஸ்டண்டுகளும் இன்றுவரை ஏற்கிறார்கள். ஆனால் நிசேயா இன்னொரு வழக்கத்தையும் தொடங்கிவைத்தது: விசுவாசத் தகராறு அரசாங்க விவகாரமானது. ஒரே பேரரசுக்கு ஒரே கொள்கை வேண்டும் என்றானபின், மாற்றுக் கருத்து சொன்ன ஆயர் நாடு கடத்தப்பட்டார். அவருக்குப் பின்னால் நின்ற மக்கள் கலகக்காரர்களாகப் பார்க்கப்பட்டார்கள்.

451இல் கல்செதோன் சங்கம் கிறிஸ்துவின் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் எப்படி இணைந்திருக்கின்றன என்று வரையறுத்தது. எகிப்தின் காப்டிக் சபையும் சிரியச் சபையும் எத்தியோப்பியச் சபையும் அதை ஏற்கவில்லை. ஆர்மீனியர்கள் அந்தச் சங்கத்துக்குப் போகவே இல்லை. அதே ஆண்டு அவர்கள் பாரசீகப் படையோடு உயிரைக் கொடுத்துப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டான்டினோப்பிள் விதித்த வரிக்கும் அது அனுப்பிய ஆயர்களுக்கும் எதிராக எகிப்திலும் சிரியாவிலும் இருந்த கசப்பு கொள்கை எதிர்ப்போடு கலந்தது. பாரசீகத்தில் நிலைமை நேரெதிர். ரோமானியப் பேரரசின் உளவாளிகள் என்ற பழியிலிருந்து தப்ப வேண்டுமானால், அங்கிருந்த கிறிஸ்தவர்கள் மேற்கோடு உறவில்லை என்று காட்டியாக வேண்டியிருந்தது. கிழக்கின் திருச்சபை என்று அழைக்கப்படும் அவர்கள் சபை தனித்துப் போனதற்கு இறையியலுக்கு ஈடான பங்கு இந்த எல்லைக்கோட்டுக்கு உண்டு.

இந்தப் பிளவின் பின்கதை கவனிக்கத்தக்கது. 1973இல் போப் ஆறாம் பவுலும் காப்டிக் சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூதாவும், 1994இல் போப் இரண்டாம் ஜான் பாலும் கிழக்கின் திருச்சபைத் தலைவர் நான்காம் மார் தின்காவும் கூட்டறிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். கிறிஸ்துவைப் பற்றிய அடிப்படை நம்பிக்கையில் தங்களுக்குள் வேறுபாடு இல்லை என்பது அவற்றின் சாரம். 1,500 ஆண்டுச் சண்டைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது நீங்கிவிட்டது. சபைகள் மட்டும் இணையவில்லை. அதற்குள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிதாப்பிதா, தனி மடங்கள், தனிப் புனிதர்கள், தனிக் காலண்டர், தங்கள் பெயரால் இரத்தம் சிந்திய தனி மறைசாட்சிகள் என்று வேர் ஆழமாக இறங்கிவிட்டது. கொள்கைச் சண்டை பிளவுக்குப் பெயர் கொடுக்கும். அதை நிலைக்க வைப்பது பெரும்பாலும் வேறொன்று.

1054இல் நடந்ததும் இந்தக் கோணத்தில் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. அந்த ஆண்டு ஜூலை 16 அன்று ரோமின் தூதரான கர்தினால் ஹம்பர்ட், கான்ஸ்டான்டினோப்பிளின் ஹகியா சோபியா ஆலயப் பீடத்தின் மேல் விலக்கு ஆணையை வைத்துவிட்டு வெளியேறினார். நற்கருணை அப்பம் புளித்த மாவில் செய்யப்பட வேண்டுமா, புளிப்பில்லாததாக இருக்க வேண்டுமா. விசுவாச அறிக்கையில் மேற்கத்தியர் ஒரு தொடரைத் தாங்களாகவே சேர்த்தது சரியா. ரோமின் ஆயருக்கு எல்லார் மேலும் அதிகாரம் உண்டா என்பவை சச்சரவின் பொருள்கள். அன்று பொதுமக்களில் பலர் பிளவு வந்ததாக உணர்ந்திருக்கவே மாட்டார்கள். உணர்ந்தது 1204இல். சிலுவைப் போருக்குப் புறப்பட்ட மேற்கத்தியப் படை கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டினோப்பிளையே சூறையாடியது. ஆலயங்களுக்குள் புகுந்து கொள்ளையடித்தது. 1965இல் போப் ஆறாம் பவுலும் பிதாப்பிதா அத்தெனகோராசும் 1054ஆம் ஆண்டின் விலக்குகளை நீக்கினார்கள். 1204இன் நினைவை அப்படி ஓர் ஆணையால் நீக்க முடியவில்லை.

கொள்கைக்கு இடமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் கொள்கைதான் முன்னால் நின்றது, உயிரும் அதற்காகவே போனது. 1517இல் விட்டன்பர்கில் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக 95 கருத்துரைகளை வெளியிட்டார். அச்சு இயந்திரம் அவற்றைச் சில வாரங்களில் ஜெர்மனி முழுக்கக் கொண்டுபோனது. வேதமே இறுதி அதிகாரம் என்று அவர் நிறுவியது கோடிக்கணக்கானோர் கையில் வேதத்தைக் கொண்டுசேர்த்தது. கூடவே ஒரு கேள்வியும் பிறந்தது: வேதத்தைப் படிக்கும் இருவர் வெவ்வேறு பொருள் கொண்டால் தீர்ப்புச் சொல்வது யார்?

அந்தக் கேள்வி எழப் பன்னிரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. 1529 அக்டோபரில் ஹெஸ்ஸே சிற்றரசர் பிலிப், லூத்தரையும் சூரிக் நகரச் சீர்திருத்தவாதி சுவிங்கிலியையும் மார்பர்க் கோட்டையில் சந்திக்க வைத்தார். கத்தோலிக்கப் பேரரசரை எதிர்க்க இருவரும் சேர்ந்தாக வேண்டும் என்பது அவருடைய அரசியல் கணக்கு. பதினைந்து விஷயங்கள் பேசப்பட்டன. பதினான்கில் முழு உடன்பாடு. பதினைந்தாவது, திருவிருந்தின் அப்பத்தில் கிறிஸ்து உடலளவில் இருக்கிறாரா என்பது. இது என் சரீரம் என்ற இயேசுவின் வாக்கை லூத்தர் மேசையின் மேல் சுண்ணக்கட்டியால் லத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு, அதிலிருந்து ஓர் அடியும் நகர மறுத்தார். சுவிங்கிலிக்கு அப்பம் ஓர் அடையாளம், நினைவுகூரல். பேச்சு முறிந்தது. லூத்தரன் சபைகளும் சீர்திருத்தச் சபைகளும் இருவேறு மரபுகளாகப் போனதற்கு அந்த மேசை ஒரு முக்கியத் திருப்பம்.

சுவிங்கிலியின் சூரிக்கிலேயே இன்னொரு பிளவு அதற்கு முன்பே நடந்திருந்தது. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசித்த பிறகே கொடுக்க வேண்டும் என்று அவருடைய மாணவர் சிலர் சொன்னார்கள். இன்று தமிழ்நாட்டில் பெந்தெகொஸ்தே சபைகள் சொல்வதும் இதேதான். அன்று அது ராஜத்துரோகத்துக்குச் சமம்: பிறந்த குழந்தை எல்லாம் ஞானஸ்நானம் பெறுவதால்தான் ஊரும் சபையும் ஒன்றாக இருந்தன. 1527 ஜனவரியில் பெலிக்ஸ் மான்ஸ் என்ற இளைஞரின் கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மறுமுழுக்குப் பெற்றவனுக்கு முழுக்கே தண்டனை. தீர்ப்பளித்தது ஒரு புராட்டஸ்டண்ட் நகரமன்றம் என்பதை மறக்கக் கூடாது. ஒரு பிரிவு தோன்றுவதற்குச் செலவான விலை இது என்று அறிந்தவர், பிரிவுகள் வெறும் பிடிவாதத்தின் விளைவு என்று எளிதாகச் சொல்லிவிட மாட்டார்.

இங்கிலாந்தில் மன்னர் எட்டாம் ஹென்றி 1534இல் தன்னையே திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டதில் வாரிசு ஆசையும் திருமண வழக்கும் வெளிப்படையாகவே இருந்தன. ஜெர்மனியில் 1555ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, எந்த ஆட்சியாளர் எந்தச் சபையோ அதுவே அந்த நாட்டின் சபை என்று எழுதிவைத்தது. குடியானவன் எந்தச் சபை என்பது அவன் எந்த எல்லைக்குள் பிறந்தான் என்பதாகச் சுருங்கியது.

அமெரிக்காவில் அரசுச் சபை என்று ஒன்று இல்லாமற்போனதால், பிரிவதற்குத் தடையும் இல்லாமற்போனது. அங்கே பிளவின் கோடு பெரும்பாலும் நிறத்தின் கோடு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை, வெள்ளையருக்கான இடம் என்று சொல்லி இழுத்து எழுப்பினார்கள். அவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அந்தக் கூட்டத்தில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ரிச்சர்ட் ஆலன் இருந்தார். 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை அவர் தலைமையில் உருவானது. கொள்கையில் அது அப்படியே மெதடிஸ்ட் சபைதான்.

அதே மெதடிஸ்ட் சபை 1844இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளை வைத்திருந்த விவகாரத்தில் வடக்கு, தெற்கு என்று உடைந்தது. மறு ஆண்டு பாப்டிஸ்டுகள் உடைந்தார்கள். அடிமைமுறையை ஆதரித்துப் பிறந்த தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு 1995இல்தான் அதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் பற்றி எரிந்தபோது, அடிமைகளாக இருந்தவர்களின் மகனான வில்லியம் சீமோர் அதை நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக முழங்காலிட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த இயக்கமும் நிறவாரியாகப் பிரிந்தது. இறையியலாளர் ரிச்சர்ட் நீபர் 1929இல் இந்தப் பிரிவுகளின் சமூக வேர்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வர்க்கம், இனம், தேசம், வட்டாரம் ஆகியவை சபைகளைப் பிரித்ததைக் கிறிஸ்தவத்தின் அறத்தோல்வி என்று அவர் கருதினார். வாதம் வலுவானது, ஆனால் அதில் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிமைகளை வைத்துக்கொள்ளப் பிரிந்தவர்களும், தங்களை இழுத்தெறிந்த சபையிலிருந்து மானத்தோடு வெளியேறியவர்களும் ஒரே குற்றத்தைச் செய்யவில்லை.

தென்னிந்தியாவுக்கு இந்தப் பிளவுகள் எல்லாம் கப்பலில் வந்தன. கத்தோலிக்கம் போர்த்துகீசியரோடு முத்துக்குளித்துறைக்கு வந்தது. 1706இல் சீகன்பால்கும் புளூச்சோவும் தரங்கம்பாடியில் இறங்க, லூத்தரன் மரபு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் பெருகியபோது, ஒருவர் பகுதியில் மற்றவர் நுழைவதில்லை என்று வட்டாரங்களைப் பங்கிட்டுக்கொண்டன. நாகர்கோவில் லண்டன் மிஷனுக்கு, திருநெல்வேலி ஆங்கிலிக்கச் சங்கங்களுக்கு, மதுரை அமெரிக்கக் காங்கிரிகேஷனல் சபைக்கு, வேலூர்ப் பக்கம் அமெரிக்கச் சீர்திருத்தச் சபைக்கு. எட்டாம் ஹென்றியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டிராத பனையேறி நாசரேத்தில் ஆங்கிலிக்கரானார். நாகர்கோவில் பக்கம் அவருடைய உறவினர் காங்கிரிகேஷனல் ஆனார். இருவரையும் பிரித்தது மிஷன் சங்கங்களின் வரைபடம்.

பிறகு மண்ணுக்குரிய பிளவுகளும் எழுந்தன. பாளையங்கோட்டையில் பெரும்பணி செய்த ரேனியஸ் ஐயர் ஜெர்மன் லூத்தரன். ஊழியம் செய்ததோ ஆங்கிலிக்கச் சங்கமான சி.எம்.எஸ்.ஸுக்கு. உபதேசியார்களைக் குருக்களாக அபிஷேகம் செய்ய ஆங்கிலிக்கப் பேராயர் கட்டாயம் தேவையா என்பதில் மோதல் முற்றி, 1835இல் சங்கம் அவரை நீக்கியது. உபதேசியார்களிலும் சபைகளிலும் பெரும் பகுதி அவர் பக்கம் போனது. 1838இல் அவர் இறந்த பிறகே காயம் மெல்ல ஆறியது.

நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் நடந்தது இன்னும் ஆழமானது. மற்றோர் ஆங்கிலிக்கச் சங்கமான எஸ்.பி.ஜி.யின் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை, மிஷனரி கேமரரோடு மோதி வெளியேறினார். நாடார் சமூகத்தைத் தாழ்த்தி எழுதியதாகக் கால்டுவெல்லின் 1849ஆம் ஆண்டு நூல் மேல் எழுந்த கோபமும் அதில் சேர்ந்தது. 1857இல் அவர் இந்துக் கிறிஸ்தவச் சபையைத் தொடங்கினார். ஐரோப்பியக் குருக்கள் வேண்டாம். ஐரோப்பியப் பணம் வேண்டாம். ஓய்வுநாள் வேதம் சொன்னபடி சனிக்கிழமை. ஆராதனை தரையில் அமர்ந்து, தூபமிட்டு. வேதத்தை நேரே படித்தால் ஐரோப்பிய வழக்கங்களுக்கு அங்கே ஆதாரம் இல்லை என்பது அவருடைய வாதம். லூத்தர் ரோமைப் பார்த்துக் கேட்ட கேள்வியைச் சட்டாம்பிள்ளை லண்டனைப் பார்த்துக் கேட்டார். தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் அவருக்குத் தரப்படும் இடம் இன்னும் போதாது.

சாதி ஒரே சபைக்குள்ளும் சுவர் எழுப்பியது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலே இரண்டு கால்களாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் சேரும்படி கட்டப்பட்டது. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், இருவருக்கும் ஒரே பூசை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேசு சபைக் குருக்கள் தடுப்பை இடித்தபோது எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. பல ஊர்களில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் இருப்பது பழைய கதையல்ல. கத்தோலிக்கத் திருச்சபை ஒரே தலைமையின் கீழ் ஒன்றாக இருக்கிறது என்று பெருமைப்படும்போது, அந்த ஒற்றுமைக்குள் யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

பிரிந்தவை சேர முடியும் என்பதற்கு உலகுக்கே முன்மாதிரி காட்டியதும் இதே நிலம்தான். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர்; ஆங்கிலிக்க மரபின் முதல் இந்தியப் பேராயர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் குருக்களின் கூட்டம் ஒன்றை அவர் முன்னின்று நடத்தினார். வந்தவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை என்று அவர்கள் வெளியிட்ட அறிக்கை பகிரங்கமாகச் சொன்னது.

அங்கே தொடங்கிய பேச்சு முடிய 28 ஆண்டுகள் ஆனது. முட்டுக்கட்டை பேராயர் பதவி. அப்போஸ்தலர் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் பேராயர் கை வைக்காமல் குருத்துவம் நிறைவுபெறாது என்றார்கள் ஆங்கிலிக்கர். பேராயரே இல்லாமல் நூற்றாண்டுக்கணக்கில் ஊழியம் செய்துவந்த காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் போதகர்களுக்கு, மறு அபிஷேகம் பெறச் சொல்வது இதுவரை செய்ததெல்லாம் செல்லாது என்பதற்குச் சமம். கண்ட வழி எளியது, துணிச்சலானது: இருக்கிற குருக்கள் அனைவரும் உள்ளபடியே ஏற்கப்படுவார்கள்; இனி வருபவர்களைப் பேராயர்கள் அபிஷேகம் செய்வார்கள்; விரும்பாத சபை மேல் எந்தக் குருவும் திணிக்கப்படமாட்டார்; முப்பது ஆண்டில் இரு வழியும் ஒன்றாகிவிடும். இங்கிலாந்தில் கவிஞர் டி.எஸ். எலியட் இத்திட்டத்தை எதிர்த்துத் தனிச் சிறுநூலே எழுதினார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. அசரியா அதைக் காணவில்லை; 1945 ஜனவரி முதல் தேதி காலமாகியிருந்தார். ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரியாக வந்த லெஸ்லி நியூபிகின் மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். யாழ்ப்பாணத்தின் அமெரிக்க மிஷன் சபைகளும் சபாபதி குலேந்திரன் தலைமையில் ஒரு திருமண்டலமாகச் சேர்ந்தன. ஆங்கிலிக்க மரபும் பேராயர் இல்லாத மரபுகளும் ஒரே சபையாக இணைந்தது அதுவே முதல் முறை.

அந்தச் சாதனைக்கு எல்லையும் உண்டு. தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை சேரவில்லை. பின்னர் நடந்த நீண்ட பேச்சுவார்த்தையில் கொள்கை அளவில் பெரும் உடன்பாடு எட்டியும் இணைப்பு கைகூடவில்லை. சி.எஸ்.ஐ.க்குள்ளும் திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த வட்டாரம், எந்தச் சாதி என்ற கணக்கு ஓடுகிறது. பள்ளி, கல்லூரி, நிலம் ஆகியவற்றின் நிர்வாகம் வழக்குமன்றப் படியேறுகிறது. மிஷன்கள் போட்ட கோட்டை அசரியாவின் தலைமுறை அழித்தது. அதற்கு முன்பே இருந்த கோடு அழியவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அப்போஸ்தலர் தோமையார் வழி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லும் கேரளக் கிறிஸ்தவர்கள் 16ஆம் நூற்றாண்டு வரை ஒரே சமூகம். 1599இல் உதயம்பேரூர் சங்கத்தில் போர்த்துகீசியப் பேராயர் மெனேசஸ் அவர்களை லத்தீன் முறைக்குள் இழுத்தார். 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் சிலுவையில் கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி மக்கள் இனிப் போர்த்துகீசியக் குருக்களுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அதன் பிறகு ஒரு பகுதியினர் ரோமோடு திரும்பிச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் அந்தியோக்கியாவின் சிரியச் சபையோடு உறவு கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் மல்பான் தொடங்கிய சீர்திருத்தத்திலிருந்து மார்தோமா சபை வந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியப் பிதாப்பிதாவின் அதிகாரம் எதுவரை என்ற கேள்வியில் எஞ்சிய சிரியச் சபை ஆர்தடாக்ஸ், யாக்கோபாயா என்று மீண்டும் உடைந்தது.

இந்தக் கடைசி இரண்டு சபைகளுக்கும் ஒரே விசுவாசம், ஒரே வழிபாடு, ஒரே உடுப்பு. வழக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலயங்கள் 1934ஆம் ஆண்டு சாசனப்படியே நிர்வகிக்கப்பட வேண்டும் என்று ஆர்தடாக்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. போலீஸ் பாதுகாப்போடு ஆலயங்கள் கைமாறின. யாக்கோபாயாக் குடும்பங்கள் தங்கள் பெற்றோர் உறங்கும் கல்லறைத் தோட்டத்தில் உடலை அடக்கம் செய்ய முடியாமல் நாள்கணக்கில் காத்திருந்தன. கேரள அரசு தலையிட்டு, சபைத் தகராறு எதுவானாலும் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமையை உறுதிசெய்ய 2020இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கொள்கை வேறுபாடே இல்லாத ஒரு பிரிவினை, செத்த உடலை வாசலில் நிறுத்திவைத்தது.

அப்படியானால் இந்தப் பிரிவுகளுக்கு இன்றும் பொருள் உண்டா? ஆலயத்துக்குப் போகிறவருடைய வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் சில இடங்களில் நிச்சயம் உண்டு. குருவாக வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு அழைப்பு இருந்தால், கத்தோலிக்கச் சபையில் வழியில்லை, ஆர்தடாக்ஸ் சபைகளிலும் இல்லை, சி.எஸ்.ஐ.யில் உண்டு. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1947இல் இணைப்பை ஏற்காமல் ஆங்கிலிக்கர் பலர் வெளியே நின்ற அதே நந்தியால். திருமணத்திலும் உண்டு: கத்தோலிக்கர் ஒருவர் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் சம்பந்தம் செய்ய ஆயரின் அனுமதி வேண்டும்; திருமணத்துக்குப் பிறகும் கணவனும் மனைவியும் பொதுவாக ஒரே பீடத்தில் நற்கருணை பெற முடியாது. குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்ற சி.எஸ்.ஐ. இளைஞர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால், முதலில் பெற்றது செல்லாது என்று மறுபடி முழுக்குக் கொடுக்கிறார்கள். தன் பிள்ளைக்குச் செய்த ஒன்றை இன்னொருவர் இல்லையென்று சொல்லும்போது பெற்றவர்களுக்கு வலிக்கிறது. இவற்றை அற்ப வேறுபாடுகள் என்று தள்ளுவது அந்த மனிதர்களையே தள்ளுவதாகும்.

இன்னொரு பக்கம், பிளவுக்கு மூலகாரணமாகச் சொல்லப்பட்டவை பல அமைதியாகத் தீர்ந்திருக்கின்றன. மனிதன் கடவுளுக்கு முன் நீதிமானாவது கிருபையாலா, கிரியையாலா என்பது லூத்தருக்கு உயிர்ப் பிரச்சினை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் அதில் அடிப்படை உடன்பாடு கண்டு கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006இல் சேர்ந்தார்கள். தமிழில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த திருவிவிலியம் 1995இல் வந்தது. சி.எஸ்.ஐ., வட இந்தியத் திருச்சபை, மார்தோமா சபை மூன்றும் 1978இலேயே கூட்டு மன்றம் அமைத்து, தத்தம் பேராயர்களை வைத்துக்கொண்டே ஒருவர் திருவிருந்தில் ஒருவர் பங்குகொள்கின்றன. பெரிய சபைகளுக்கிடையே நடைமுறைக்கு ஏற்ற வழி இதுதான் என்று தோன்றுகிறது: கட்டடத்தையும் நிர்வாகத்தையும் கரைத்து ஒன்றாக்குவதற்கு முன், ஒருவர் ஞானஸ்நானத்தையும் குருத்துவத்தையும் ஒருவர் மதிப்பது.

ஆனால் இந்த மேசைகளில் உட்காராத சபைகளே இன்று வேகமாகப் பெருகுகின்றன. சென்னைப் புறநகர்களில் வாடகைக் கூடத்தில் தொடங்கி, அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்துகொண்டு வளரும் சுயேச்சைச் சபைகளுக்குப் பேராயரும் கிடையாது, சினாடும் கிடையாது. பழைய சபையில் பெயரளவில் உறுப்பினராக இருந்த வீட்டுவேலை செய்யும் பெண், இங்கே பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்; அவருக்காகக் கை வைத்து ஜெபிக்கிறார்கள்; சாட்சி சொல்ல மைக்கைக் கையில் கொடுக்கிறார்கள். பெரிய சபைகள் நூற்றாண்டுக்கணக்கில் கொடுக்காத இடம் அது. அதே சபையில் கணக்கு கேட்கும் குழு பெரும்பாலும் இல்லை, போதகரை மாற்றும் வழியும் இல்லை. நிறுவிய போதகர் இறந்ததும் மகனா, மருமகனா, உடன் ஊழியரா என்ற கேள்வி எழுகிறது; நிலமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கின்றன என்பதே பல நேரங்களில் விடையை முடிவுசெய்கிறது. ஒரு சபை இரண்டாகிறது, இரண்டும் ஒரே தெருவில் கூடுகின்றன. 1919இல் தரங்கம்பாடிக்கு வந்தவர்களுக்கு யாரோடு பேச வேண்டும் என்று தெரிந்திருந்தது. மிஷன் சங்கங்களுக்கு முகவரி இருந்தது. இந்தச் சபைகளோடு பேச முன்வரும் மூத்த சபைகள், கொள்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பெண் ஏன் தங்களை விட்டுப் போனார் என்று விசாரிப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.